அலை எழுப்பாதீர்

படகுத்துறைக் கம்பத்தில்
ஆரஞ்சு நிறத் தாள் ஒன்று, பிளாஸ்டிக் உறைக்குள்.
ஏரி மட்டம் குறிக்கு மேல் நான்கு அங்குலம்.
மறு அறிவிப்பு வரை எல்லாப் படகுகளும்
மணிக்கு ஐந்து மைல்.
அலை எழுப்பாதீர்.
கீழே ஷெரீஃபின் கையெழுத்து,
அது மட்டும் நல்ல வேகத்தில் போட்டது.

ஜனவரியில், வாசல் பனியை அள்ளிக்கொண்டிருந்த நாளில்
இந்த மரவீட்டுக்கு முன்பணம் கட்டினேன்.
ஜூலை முதல் வாரம், ஆறு இரவு.
விஸ்கான்சினிலேயே பாதிப் பேர் கேள்விப்படாத ஏரி,
எங்கள் சம்பளத்துக்கு அதுதான்.
பணம் திரும்பாது என்ற பொடி எழுத்தை
இன்றுதான் கொட்டை எழுத்தாகப் படிக்கிறேன்.

பின்னால் நிற்கிறான் ஆன்டர்ஸ்.
பதிமூன்று வயது. என் கணவனின் மகன்.
என்னை ரோவீனா என்பான்,
அதுவும் உப்பு எட்டாதபோது மட்டும்.
அவனுக்காக வாங்கிய காற்றுமிதவை
டிக்கியில், பெட்டி பிரிக்காமல்.
படகின் பின்னால் கட்டி இழுத்தால்
வீசிய ஓட்டாஞ்சில்லாய்த் தண்ணீரில் தத்திப் பறக்கும் என்று
மூன்று மாதமாகச் சொல்லிவந்தேன்.
எம்மெட்டுக்குக் காகித ஆலையில் இரட்டை ஷிஃப்ட்,
வெள்ளி இரவுதான் வருவான்.
அதுவரை நாங்கள் இருவர்,
நடுவில் ஓர் ஏரி.

அலை ஓய்ந்துதான் தலை முழுகுவாயா என்று கேலி செய்வார்கள்.
இங்கே ஓயச் சொல்லிச் சட்டமே போட்டாயிற்று.

படகு வாடகைக்கு விடும் க்ளெஸ்ஸிக்
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
"பாதி வாடகை போதும். பெட்ரோல் என் கணக்கு.
இந்த வேகத்தில் அது செலவாகவா போகிறது?"

செவ்வாய். தட்டைப் படகில் ஏரியைச் சுற்றினோம்.
மூன்று மணி நேரம்.
ஒரு வாத்து எங்களை முந்திப் போனது,
குஞ்சுகளோடு.
ஆன்டர்ஸ் போனைப் பார்த்தான். சிக்னல் இல்லை.
போனையே பார்த்தான்.

புதன், மழை. தாளில் நான்கை அடித்து ஐந்தாக்கியிருந்தார்கள்.

வியாழன், கிழக்குக் கரை.
தபால் பெட்டிகளின் கால்கள் நீருக்குள்.
மணல் மூட்டைகளின் மேல் யாரோ செருகிய சிறு கொடி.
ஒரு சமையலறை வாசலில்
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட பெண்
துடைப்பத்தால் ஏரியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள்.
கையசைத்தாள். நானும் அசைத்தேன்.
அவன் அசைக்கவில்லை.

அப்போதுதான் அந்த நீர்ஸ்கூட்டர்.
சிவப்பு. இரண்டு பேர். சிரிப்பு.
போய்விட்டது.

அலை மட்டும் அவசரப்படாமல்
புல்தரையைக் கடந்து, மூட்டைமேல் ஏறி,
அழையா விருந்தாளியாய் அவள் வீட்டுக்குள் போய்,
திரும்பும்போது
ஒரு செருப்பையும் நாயின் சாப்பாட்டுத் தட்டையும்
எடுத்துக்கொண்டு வந்தது.

ஆன்டர்ஸ் எழுந்து நின்று கத்தினான்.
எழுதக் கூடாத வார்த்தை. இரண்டு முறை.
நான்கு நாளில் அவன் பேசிய நீளமான பேச்சு.
நான் கண்டிக்கவில்லை.
"இடப்பக்கம்" என்றான்.
"மெதுவா. இன்னும் மெதுவா, ரோவீனா."
குப்புறப் படுத்துக் கை நீட்டிச்
செருப்பை எடுத்தான்.
தட்டு மூழ்கிவிட்டது.

வெர்லீன், அதுதான் அவள் பெயர்,
செருப்பை வாங்கிப் பிழிந்தாள்.
"போன வருஷமே தூக்கிப் போட்டிருக்கணும்."
ஆனாலும் வெயில் பார்த்து வைத்தாள்.

அன்று இருட்டும்வரை மூட்டை அடுக்கினோம்.
வடக்கு வரிசை முழுக்க அவன் அடுக்கியது.
கோணல்தான். நின்றது.

எம்மெட் வந்ததும் கேட்டான்,
"என்ன, ஒரு சவாரியும் இல்லையாமே?"
நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஞாயிறு பத்து மணிக்குச் சாவி கொடுத்தோம்.
மதகு திறந்து மூன்று நாள்.
பத்தேகாலுக்கு ஓர் அதிகாரி வந்து
தாளைக் கிழித்தெடுத்தார்.
கரை முழுக்க மோட்டார்கள் உறுமின,
தேவாலயத்தில் அடக்கி வைத்த இருமல் போல.

காரில் ரசீதைத் தேடினேன்.
பெட்டி பிரிக்காவிட்டால்
முப்பது நாளுக்குள் திருப்பித் தரலாம்.
பின்னிருக்கையிலிருந்து குரல்:
"அடுத்த ஜூலைவரைக்கும்
ரப்பர் கெட்டுப்போகாது, இல்ல?"